அரைக்கட்டை இறக்கு



பங்குனி பிறந்துவிட்டால் பெரியகுளம் பக்கத்து இசைக்குழுக்களுக்குத் தூக்கம் கிடையாது. வீரபாண்டி சித்திரைத் திருவிழா முடிகிறவரை ஊர் ஊராக மேடைதான். அப்படி ஒரு மேடையோரம் நின்றிருந்தேன். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "தம்பி, அரைக்கட்டை இறக்கு" என்றார். கீபோர்டுக்காரப் பையன் ஒரு பொத்தானை அழுத்தினான், சுருதி இறங்கிவிட்டது. கிட்டார் வைத்திருந்தவனுக்கு அந்தப் பொத்தான் இல்லை. பாட்டு முடிகிறவரை தந்தியைத் தொட்டும் தொடாமலும் தலை குனிந்து நின்றான். கூட்டம் கவனிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல விரல் அவனுக்கு. கேட்டுக் கேட்டே பழகியவன், சுரம் எழுதிப் பழகாதவன்.

பண்ணைப்புரத்து ராசய்யாவை அப்போது நினைத்துக்கொண்டேன். அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர். சென்னைக்குப் போனபோது கையில் பல வருஷ மேடைப் பழக்கம் இருந்தது. அது போதும் என்று அவர் நினைக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். கிட்டாரை முறையாகப் பயின்று லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதினார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்கு வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அன்றைக்கு ஒலிப்பதிவு என்றால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயலின்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் எழுதிய தாள் இருக்க வேண்டும். அதை எழுதத் தெரிந்த கைக்கு வேலை இருந்தது. அடுத்தவர் பாட்டுக்கு உழைத்த அந்த வருஷங்களுக்குப் பிறகுதான், 1976-ல், 'அன்னக்கிளி' படத்தில் இளையராஜா என்ற பெயர் வந்தது.

"சென்னையில் யாரைப் பார்க்கணும்?" என்றுதான் நம் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். ஆளைப் பார்க்கிற நாள் வரும். அன்றைக்குத் தாளை நீட்டி "வாசி" என்பார்களே, அதற்குத் தயாரா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சேரி ஒப்புக்கொள்ளும்போது பேசிய தொகை, அட்வான்ஸ், மேடையேறும் நேரம், வண்டிச்செலவு, நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டு, விடியற்காலையில் பாதிப் பணத்தோடு பேருந்து நிலையத்தில் நின்ற கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு சினிமாவுக்கு மெட்டுப் போட்டால், 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் செல்லாது.

தம்பி, தங்கச்சி, இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். தினமும் வாசிக்கிற பாட்டு ஒன்றை எடுத்துச் சுரத்தைக் கைப்பட எழுதுங்கள். பிறகு அரைக்கட்டை இறக்கி, பொத்தானைத் தொடாமல் வாசித்துப் பாருங்கள்.