உறைந்த நெய்யும் உருகிய நெய்யும்

மார்கழி, தை மாதங்களில் விடியற்பொழுதில் நெய்ச்சாடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். முதல்நாள் மாலை பொன்போல் தெளிந்திருந்த நெய் வெளுத்து, மணல்மணலாக உறைந்து, நடுவில் சற்றே குழிந்து காணப்படும். கரண்டிக் காம்பால் அதன்மேல் ஒரு கோடு கீறினால் அக்கோடு அப்படியே நிற்கும். மறுநாள் பார்த்தாலும் நிற்கும். அதே சாடியை வெந்நீரில் சிறிது நேரம் இருத்தி எடுத்தால் கோடு இருந்த இடமே தெரியாது. மேற்பரப்பு கண்ணாடிபோல் சமனாகிவிடும். இப்போது மீண்டும் கீறிப் பாருங்கள். கரண்டி செல்லச் செல்ல அதன் பின்னாலேயே கோடு மூடிக்கொண்டு வரும்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், திண்மம், நீர்மம் என்னும் பாடத்தை இதனைக் காட்டியே நடத்துவோம். உறைந்த பொருளில் நுண்துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றித் தத்தம் இடத்தை விட்டு நகராதிருக்கின்றன. ஆகவே பட்ட காயம் பட்டபடியே கிடக்கிறது. வெப்பம் அப்பிடியைத் தளர்த்தியதும் துகள்கள் வழுக்கிச் செல்லத் தொடங்குகின்றன. மேடு தானே இறங்கிப் பள்ளத்தை நிரப்புகிறது. நெய் அதே நெய்தான், எடையும் அதேதான், மாறியது அதன் பிடிவாதம் என்போம். அச்சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் நகைப்பர். யாரை எண்ணி நகைத்தார்களோ, நாம் கேட்டதில்லை.

நம் ஆசாரியர்கள் சினத்தை அளந்த அளவுகோலும் இதுவே. பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர ஆசாரியர் அருளிய கோம்மடசாரத்தின் சீவகாண்டத்தில், சினமானது கல்லில் பிளந்த கோடு, நிலத்தில் வெடித்த கோடு, புழுதியில் இழுத்த கோடு, நீரில் இழுத்த கோடு என நான்காகக் கூறப்படுகிறது. செருக்குக்கும் வஞ்சத்துக்கும் பற்றுக்கும் இவ்வாறே நந்நான்கு உவமைகள் உண்டு; அவற்றை மற்றொரு சமயம் காண்போம். அந்நூலின் கருமகாண்டமோ இவற்றின் கால அளவையும் குறித்துவிடுகிறது. நீர்க்கோட்டுச் சினத்தின் வாசனை 48 நிமிடத்திற்குள் அடங்கும். புழுதிக்கோடு 15 நாள். நிலக்கோடு 6 மாதம். அதனையும் கடந்து நிற்பது கல்லின் கோடு; அது பிறவிதோறும் தொடர்ந்து வருவதால் அனந்தானுபந்தி எனப் பெயர் பெற்றது. அச்சினம் உள்ளவரை நற்காட்சியே உண்டாகாது என்பது ஆகமத்தின் துணிபு. இதனை நாம் மறத்தலாகாது.

கல்லின் இயல்பை அறியச் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் சென்று வாருங்கள். 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் அங்கே ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி அக்குன்றின் பாறையில் வெட்டப்பட்டுள்ளது. எத்தனையோ நூற்றாண்டு மழையும் வெயிலும் கடந்து அவ்வெழுத்தை இன்றும் படிக்கலாம். தவத்தைத் தாங்கப் பாறை வேண்டும். அதே உறுதியோடு நம் நெஞ்சு வேறொன்றைத் தாங்கினால் என்னாகும்?

பிறரைச் சுட்டிப் பேசுவது எளிது. ஆகவே நம்மையே கூறுகிறோம். நம் அன்னையார் அணிந்திருந்த கெம்புக்கல் அட்டிகை ஒன்று இருந்தது. அவர் மறைந்தபின் அது அண்ணன் இல்லத்தில் இருந்தது. 1987-ஆம் ஆண்டு தம் மகளின் திருமணத்திற்காக அண்ணியார் அதனை நம்மைக் கேளாமலே உருக்கி இரண்டு வளையல்கள் செய்துவிட்டார். கல்லைப் பெயர்த்தெடுத்து, மூசையில் இட்டு, வெண்காரம் தூவி ஊதினால் எத்தனை நுண்ணிய வேலைப்பாடும் ஒரு மணித்துளியில் வழவழத்த பொன்னுருண்டை ஆகிவிடுகிறது. நாம் பேச்சை நிறுத்தினோம். பதினோராண்டுகள் அவ்வீட்டுப் படி ஏறவில்லை.

இத்தனைக்கும் அக்காலத்தில் நாள்தோறும் ஜினாலயம் சென்றோம். பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. ஞாயிறுதோறும் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தத்துவம் கற்பித்தோம். சமந்தபத்திர சுவாமிகளின் ஆப்தமீமாம்சையில் உள்ள பொற்குடத்து உவமையை எத்தனை முறை சொல்லியிருப்போம்! பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்யும்போது, குடத்தை விரும்பியவன் அழுகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி அமைதியாக இருக்கிறான். தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒரே கணத்தில் நிகழ்வதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. குடத்துக்கு அழுதவன் நாமே என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

1998-ஆம் ஆண்டு தசலட்சணப் பருவத்தின் முதல்நாள் உத்தம பொறுமை பற்றிப் பேசுமாறு ஊரார் கேட்டுக்கொண்டனர். உரைக்குக் குறிப்பெடுக்க அமர்ந்து, மேலே சொன்ன கால அளவை எழுதினோம். 6 மாதம் என்று எழுதியதும் எழுதுகோல் நின்றுவிட்டது. பதினோராண்டு! அன்று உரையாற்றினோம், அனைவரும் பாராட்டினர், இரவு உறக்கமில்லை.

உறைந்த நெய்யைக் கரண்டியால் குத்தினால் மேலும் வடுவே உண்டாகும். உறவினர் சிலர் திருமணப் பந்தலில் எம்மிருவர் கையையும் பிடித்து இணைத்துவிட முயன்றது அவ்வகையே. பகை இறுகியதுதான் மிச்சம். பெருந்தீயில் ஏற்றினாலோ நெய் கருகும். சாடியை வெந்நீரில் இருத்தினால் சுவரை ஒட்டிய ஓரம் முதலில் நெகிழும். நடுக்கட்டி கடைசியில்தான் கரையும். தவம் என்பதற்கு வடமொழியில் வழங்கும் தபஸ் என்னும் சொல், வெம்மையைக் குறிக்கும் அடியிலிருந்தே பிறந்தது. உண்ணாநோன்பின் வெம்மையைவிட, தவறு செய்தவரின் வாயிலில் நாமே சென்று நிற்பதன் வெம்மை கடுமையானது என்பதைப் பட்டறிந்து சொல்கிறோம்.

அந்த வாரமே பேருந்தேறிச் சென்றோம். அண்ணியார் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கை நின்றது. பொறுத்தருள வேண்டும் என்று நாம் தொடங்குமுன் அவர், "வா அம்மா, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் சாப்பிடு, பிறகு பேசலாம்" என்றார். உண்டபின், "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். செய்தபின் சொல்லவும் அஞ்சினேன்" என்று அழுதார். நாமும் அழுதோம்.

அன்றே எல்லாம் கரைந்துவிட்டது என்று எழுதினால் அது வாய்மை ஆகாது. அட்டிகையின் நினைவு வரும்போதெல்லாம் நடுக்கட்டி சிறிது இருக்கவே செய்தது. மாதம் ஒரு கடிதம், பண்டிகைக்கு ஒருமுறை செல்லுதல் என இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தன. எப்போது கரைந்தது என்று நாம் கவனிக்கவில்லை. அண்ணியாரின் இறுதி நாட்களில் பதினைந்து நாள் உடனிருந்து பணிவிடை செய்யும் பேறு நமக்குக் கிட்டியது.

சென்ற தை மாதம் அண்ணன் மகள் தன் பேத்தியுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தாள். சோற்றில் நெய் வார்க்கச் சாடியை எடுத்தாள், உறைந்திருந்தது. அவள் கையில் அந்த வளையல்கள் கிடந்தன. தேய்ந்து மெருகேறியிருந்த அவற்றில் அட்டிகையின் அடையாளம் ஏதுமில்லை. "இது உன் கொள்ளுப்பாட்டியின் பொன்" என்று குழந்தையிடம் சொன்னோம். குழந்தை வளையலைத் தடவிப் பார்த்துவிட்டு நெய் கேட்டாள். சாடியை வெந்நீரில் வைக்கச் சொன்னோம்.