தோல்வி யாருடையது?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் சில இல்லங்களில் மகிழ்ச்சியும் சில இல்லங்களில் கண்ணீரும் நிறைதல் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். தோற்ற பிள்ளையைச் சுட்டித் "தலையெழுத்து" என்பர் சிலர். "முன்வினைப் பயன்" என்பர் வேறு சிலர். "பிறவியிலேயே மந்தபுத்தி" என்று முடிப்பர் மற்றையோர். இம்மூன்று விடைகளும் ஒரு தன்மையனவே. பிள்ளையின் மேல் பழியை வைத்துவிட்டுப் பெரியோர் விலகிக்கொள்ள இவை வழி செய்கின்றன. இது அறமாகுமா என்பதே நம் கேள்வி.

நன்மை தீமை யாவும் முற்செயலால் மட்டுமே விளைவன என்னும் கொள்கையைப் பகவான் ஏற்றாரில்லை. அதனை நம்புவோர்க்குச் செய்யத்தக்கதைச் செய்யும் ஊக்கமே எழாது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எண்ணெயும் திரியும் கூடியபோதே விளக்கு எரிகிறது. அது அணைந்தால் விளக்கைச் சினந்து பயனில்லை. எது குறைந்தது என்று நோக்க வேண்டும். கல்வியும் அத்தகையதே.

முதலாவது, பள்ளியின் வாயில். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யங்காளி எழுத்தறியாதவர். ஆயினும் புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று வயல் வேலையையே நிறுத்திப் போராடினார். 1910-இல் அரசாணை வந்த பின்னும் பகை தணியவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, பள்ளிக்கூடமே தீக்கிரையாக்கப்பட்டது. அச்சிறுமியின் கல்வி தடைப்பட்டது அவளது மந்தபுத்தியாலா? 1937-இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் மக்களுள் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறக் காண்பதே தம் ஆசை என்றார் அய்யங்காளி. 1941-இல் அவர் மறைந்தார்.

இரண்டாவது, பொருள். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன் நாள்தோறும் பல மைல் நடந்து பள்ளி சென்றார். கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்பிற்கு வெளியே நின்று பாடங் கேட்டார். நூல் வாங்க வழியில்லாதபோது, அவருடைய தமையனார் இரவல் நூல்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். அவரே 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று ஏழைப் பிள்ளையைக் கடிந்துகொள்ள இவ்வரலாற்றைக் கருவியாக்கலாகாது. ஒருவர் ஆற்றை நீந்திக் கடந்தார் என்பதனால் பாலம் வேண்டாமென்று யார் கூறுவர்? அவருக்கும் தமையனாரின் கை துணை நின்றதன்றோ!

மூன்றாவது, பசி. ஆளவி நகரில், காணாமற்போன மாட்டைத் தேடிக் களைத்து வந்த உழவன் ஒருவனுக்குப் பகவான் முதலில் உணவளிக்கச் செய்து, அதன் பின்னரே தம்மம் உரைத்தார். காமராசர் 1956-இல் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்திற்கும், 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திற்கும் அடிப்படை இவ்வுண்மையே.

நான்காவது, ஆசிரியர். நான்கு மாதத்தில் ஒரு பாட்டையும் மனனஞ் செய்ய இயலாத சூளபந்தகரை உடன்பிறந்தாரே விகாரையினின்று போகச் சொன்னார். பகவானோ ஒரு வெண்துணியை அவர் கையில் தந்து தேய்க்கச் சொன்னார். துணி அழுக்கேறியதைக் கண்டு நிலையாமையை உணர்ந்த அவர் அருகதரானார். மாணவர் மாறவில்லை, கற்பித்த முறையே மாறியது.

அங்ஙனமாயின் மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா எனின், உண்டு. எண்ணெயும் திரியும் இருந்தும் ஏற்றாத விளக்கு எரியாது. ஏற்றுவது அவனுடைய முயற்சி. ஆனால், எண்ணெய் வார்க்காதவர்க்கு "ஏன் எரியவில்லை?" என்று கேட்கும் உரிமை இல்லை.

ஆதலின் அன்பர்களே, அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் நம் கைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் நம்மையே வினவுவோம்: இப்பிள்ளை காலையில் உண்டதா? படிக்க அமைதியான ஓரிடம் பெற்றதா? தெரியவில்லை என்று அஞ்சாமற் கூற அதற்கு ஓர் ஆள் உண்டா? இவற்றிற்கு விடை கூறிய பின்னரே பிள்ளையைக் குறைகூற நமக்கு வாய் உண்டு.