கண்டும் கடந்து போதல்: தொலைக்காட்சி பற்றி ஒரு கிறிஸ்தவ நோக்கு

தொலைக்காட்சியைக் கிறிஸ்தவ நெறிநின்று மதிப்பிடுதல் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரு தணிக்கைப் பட்டியலேயாகும். ஆபாசம் உண்டா, வன்முறை உண்டா, மதநிந்தனை உண்டா என வினவி, இல்லையெனின் பார்க்கலாம், உண்டெனின் அணைத்துவிடுக எனத் தீர்ப்பளிப்பது இம்முறை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியன பற்றி 1957இல் விடுத்த சுற்றுமடலிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஆணையிலும் இவ்வக்கறை இருந்தது. ஆயின் அவை பார்ப்போரின் பொறுப்பையும் பேசின. பட்டியல் தேவையானதே. எனினும் அது காட்டப்படும் பொருளை மாத்திரமே சோதிக்கின்றது. காண்பவனுக்கு யாது நேர்கின்றது என வினவுவதில்லை.

தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்வினாவை எழுப்பியவர் புனித அகுஸ்தீனார். தம் வாழ்வை இறைவன்முன் ஒப்புவிக்கும் நூலின் ஆறாம் பாகத்தில் நண்பர் அலீப்பியுஸ் பற்றி அவர் ஒரு நிகழ்ச்சி கூறுவர். உரோமையில் சட்டம் பயிலச் சென்ற அவ்விளைஞர் வாட்போர்க் களியாட்டங்களை வெறுத்தவர். நண்பர் சிலர் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். உடலை இழுத்துச் செல்லலாம், கண்ணையும் மனத்தையும் இழுக்க ஒண்ணாது என்னும் உறுதியோடு அவர் கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். வீரனொருவன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலி செவியைத் தாக்க, என்னவென அறியும் ஆவலாற் கண் திறந்தார். அதன்பின் கண்ணை எடுக்க அவரால் இயலவில்லை. வீழ்ந்தவன் உடலிற் பெற்ற காயத்திலும் கொடிய காயத்தை இவர் ஆன்மா பெற்றது என்பது அகுஸ்தீனாரின் கணிப்பு. பின்னாளில் ஆயராக உயர்ந்த ஒருவரைப் பற்றியே இவ்வாறு எழுதப்பட்டுள்ளமை கருதத்தக்கது. அலீப்பியுஸ் கொலையை விரும்பியதனால் வீழ்ந்தாரல்லர். எல்லோரும் காண்பதைத் தாமும் காணவேண்டும் என்னும் ஆவலே அவரை வீழ்த்தியது; தம்மை எதுவும் தொடாது என்ற தன்னம்பிக்கை அதற்குத் துணைநின்றது. அரங்கில் இறந்தவன் அவருக்குப் பகைவனுமல்லன், அயலானுமல்லன், வெறுங்காட்சி, அவ்வளவே.

அயலான் யார் என்னும் வினாவுக்கு இயேசு அளித்த விடையான நல்ல சமாரியன் உவமையை இவ்விடத்து மீண்டும் படித்தல் வேண்டும். எரிக்கோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குரு கண்டான், லேவியன் கண்டான், சமாரியனும் கண்டான். லூக்காவின் கிரேக்க மூலத்தில் மூவர்க்கும் ஒரே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. காணாமையால் எவனும் தவறவில்லை. கண்டபின் மறுபக்கமாய் விலகிப் போனமையே முன்னிருவரின் தவறு. சமாரியனிடத்தோ காட்சி இரக்கமாயிற்று. இரக்கம் எண்ணெயும் திராட்சரசமுமாகி, ஈற்றில் சத்திரக்காரன் கையில் இரு வெள்ளிக்காசுகளுமாயிற்று. தொலைக்காட்சி நம்மை நாள்தோறும் அவ்வழியில் நிறுத்துகின்றது. ஆனால் மறுபக்கத்திலேயே நிறுத்துகின்றது. விலகிச் செல்லும் சிரமங்கூட நமக்கில்லை. அடுத்த விளம்பரம் நமக்காக விலகிச் செல்கின்றது.

தூரம் எம் குற்றமன்றே என்பார்க்கு எதியோப்பியா ஒரு விடை. 1984 ஒக்டோபர் 23இல் மைக்கல் பேர்க்கின் செய்தியறிக்கையும் முகமது அமீனின் படப்பிடிப்பும் கோரெம் என்னும் இடத்துப் பட்டினியைப் பி.பி.சி. வழியே வீடுகளுக்குட் கொணர்ந்தன. கண்டோர் பலர் கடந்து போகவில்லை. 1985 யூலை 13இல் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் நிகழ்ந்த நிதிதிரட்டும் இசைவிழா அவ்வெழுச்சியின் விளைவே. ஆகவே திரை இரக்கத்தைக் கொன்றே தீரும் என்பது மிகை. ஆயின் பஞ்சத்தைப் பெருக்கிய உள்நாட்டுப் போரும் அரசின் செயல்களும் அக்காட்சிகளிற் பெரிதும் தெரியவில்லை. மழை பொய்த்தமையே முழுக் காரணம் என நம்பி இரங்கியோர் பலர்.

பி.பி.சி.யில் நெடுங்காலம் தோன்றிய மல்கம் மகரிட்ஜ், 1976இல் ஆற்றிய விரிவுரைகளில், பாலைவனத்தில் நான்காம் சோதனையாகத் தொலைக்காட்சி அளிக்கப்பட்டிருப்பின் இயேசு அதனையும் மறுத்திருப்பார் என்னும் கருத்தை முன்வைத்தார். அன்னை தெரேசாவை 1969இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தின் மூலம் உலகறியச் செய்தவரும் அவரே! அவருடைய வாதத்தைக் காட்டிலும் அப்படமே வலிய சான்றென எனக்குத் தோன்றுகின்றது.

நம் நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் அதிகமானோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயக் கண்காணிப்புக் கமராவிற் பதிவான காட்சி சின்னாட்களில் திரைக்கு வந்தது. பை சுமந்த ஒருவன் முற்றத்தைக் கடக்கின்றான். எதிர்ப்பட்ட சிறுபிள்ளையின் தலையைத் தொடுகின்றான். மக்கள் நிறைந்த ஆலயத்துள் நுழைகின்றான். முதன்முறை அது செய்தி, சான்றுமாகும். அதனை மறைத்திருத்தல் வேண்டும் எனக் கூற ஒண்ணாது. திரும்பத் திரும்பக் காட்டப்பட்டபோது அது தந்த புதிய அறிவு யாது? முடிவு யாவர்க்கும் தெரியும். எனினும் கண் அவன் அடிகளைத் தொடர்ந்தது. அதில் ஆபாசமில்லை, இரத்தமுமில்லை. எந்தத் தணிக்கைப் பட்டியலும் அதனைத் தடுத்திராது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஆலயத்துள் இருந்தோர் ஒருவரின் தாய், ஒருவரின் மகன் என்னும் நிலையிற் சிறிது குறைந்து, கதையில் வரும் கூட்டமாயினர். அலீப்பியுஸ் கண்திறந்த அரங்கு அதுவே.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28இல், பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்தமையால், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி அதே திரைவழி வீடுகளை அடைந்தது. நோயுற்றுக் கிடந்த அசிசி நகர்ப் புனித கிளாரா, நத்தார் இரவு வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதுபற்றியே 1958இல் அவர் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். கிளாராவுக்கு அக்காட்சி ஆறுதல். ஏப்ரல் 28இல் வீட்டிலிருந்து கண்டோர்க்கும் ஆறுதலே, ஆயினும் ஒரு குறையோடு கூடிய ஆறுதல். அவர்கள் மன்றாட்டிற் கலந்துகொள்ளலாம். நற்கருணையை உட்கொள்ள இயலாது. கமரா பதிந்த காட்சி கண்ணை நிறைத்து அங்கேயே இருத்திற்று. திருப்பலியோ கண்டவரைப் பசியோடு விட்டு, மூடிக்கிடந்த ஆலயக் கதவையும் அயலிலுள்ள இழவு வீட்டையும் நினைப்பித்தது.