பழுப்பு நீரில் ஒளூ



ஸ்காட்லாந்தில், கிராம்பியன் மலைகளின் கிழக்குப் பகுதியில் மவுண்ட் பாட்டக் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 778 மீட்டர். கூரிய சிகரம் கிடையாது. கவிழ்த்து வைத்த சட்டியைப் போன்ற உருண்ட தலை. சுற்றிலும் ஹெதர் என்னும் குறும்புதர் மூடிய மேட்டுநிலம். ஆகஸ்டு மாதத்தில் அது ஊதா நிறமாய்ப் பூத்துக் கிடக்கும். காற்றைத் தவிர வேறு ஓசை அரிது.

ஏறத் தொடங்கியபோது, "இதுவும் ஒரு மலையா!" என்று எண்ணினோம். ஆனால் உச்சி என்று நினைத்த மேட்டை எட்டினால், அப்பால் இன்னொரு மேடு நின்றது. செடிகள் மட்கிப் பல்லாயிரம் ஆண்டுகளாய்ச் சேர்ந்த கரிய சேறு காலை இழுத்தது. மூச்சு வாங்கிற்று, பெருமையும் இறங்கிற்று. செருக்கு நடையைக் கண்டிக்கும் திருமறை, 17-வது அத்தியாயத்தில் மலைகளின் உயரத்தை ஏன் நினைவூட்டுகிறது என்பது அப்போது விளங்கிற்று.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது சஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. உயரும்போதெல்லாம் அல்லாஹ்வே பெரியவன் என்று சொல்பவனுக்குத் தன்னைப் பற்றிய பெருமை எங்கிருந்து வரும்?

லுஹர் நேரம் வந்தது. ஓடையில் நீர் இருந்தது. ஆனால் பால் கலவாத தேநீரின் நிறம். உடன் வந்த தோழர், "அழுக்குத் தண்ணீர். தயம்மும் செய்துகொள்வோம்" என்றார். நாமும் ஒரு கணம் தயங்கினோம். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது. நீர் தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள மண், பாசி போன்றவற்றால் நிறம் மாறினால், அதன் தூய்மை கெடாது. அதில் ஒளூ கூடும். அந்தப் பழுப்பு, கரிய மண்ணின் சாறேயன்றி அசுத்தமன்று. ஒளூவுக்கு ஏற்ற நீர் பக்கத்திலேயே இருக்க, தடையேதும் இல்லாதவர் தயம்மும் செய்வது கூடாது.

அந்த நீரிலேயே ஒளூச் செய்தோம். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம், திசைகாட்டியைப் பார்த்துத் தென்கிழக்கே திரும்பித் தக்பீர் கட்டினோம்.

மலையைத் தாழ்ந்தது என்று கண்ணால் அளந்தோம், தவறினோம். நீரை அழுக்கு என்று கண்ணால் அளந்தோம், அதிலும் தவறினோம். அப்படியானால், நம் வாசலில் வந்து நிற்கும் ஏழையை, பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் ஒதுங்கி நிற்கும் கந்தல் சட்டைக்காரரை, நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? அல்லாஹ்விடத்தில் அவருடைய உயரம் என்னவென்று யாரறிவார்?

கண்ணின் அவசரத்திலிருந்தும் உள்ளத்தின் செருக்கிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.