அரசியலும் மித நெறியும்

மிதம் என்னும் சொல் இன்று பெருமைக்குரிய சொல்லாக இல்லை. அரசியலில் மிதமாக இருப்பவர் கொள்கையற்றவர், இரு பக்கமும் தலையாட்டுபவர், காற்றடிக்கும் திசையில் சாய்பவர் என்றே இளைஞர் பலர் கருதுகின்றனர். அக்கருத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. மிதம் என்ற பெயரால் அச்சத்தையும் தன்னலத்தையும் மூடிமறைத்தவர்களை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும் அவர்கள் பொருட்டு அச்சொல்லையே கைவிட்டுவிட நமக்கு மனமில்லை.

நாம் வாழும் இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. நீர் காத்த அய்யனார் என்பது அங்குள்ள தெய்வத்தின் பெயர். விடுமுறை நாள்களில் சுற்றுவட்டார மக்கள் வழிபடவும் ஆற்றில் நீராடவும் அங்கே செல்கின்றனர். மலையில் மழை பெய்து ஆற்றில் திடீரென நீர் பெருகிவிட்டால், கரையேற்ற நீளும் கை எதிரே இருப்பவர் எக்கட்சியினர் என்று கேட்பதில்லை. அதே மக்கள்தாம் தேர்தல் வந்ததும் ஊருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அண்ணன் அனுப்பிய செய்தி பொறாமல் தம்பி குடும்பத்தாரின் கைப்பேசிக் குழுவிலிருந்து விலகுகிறார். பின்னர் அவ்வீட்டுத் திருமணத்துக்கும் வருவதில்லை. கருத்து வேறுபாடு பகையாக முற்றும் இந்த இடத்தைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அதற்கு இவ்வட்டாரத்தின் வரலாறே நமக்கு உதவும். இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். காந்தியடிகளின் நெறியில் நின்ற எளியவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தவர். எனினும் அவர் காலத்தில்தான் பொதுவுடைமைக் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழுக்கு மாகாண அரசு விதித்த தடையை 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நல்லவர் கையிலுள்ள அதிகாரமும் எதிர்ப்பவரின் வாயை அடைக்க முற்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. முன்னர்த் தடை செய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களை வென்றது. முதலமைச்சர் தம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றார். தோல்வியை ஏற்று விலகினார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் காமராசர்.

இனி, நம் ஆசிரியத் தொழிலோடு நெருங்கிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்வோம். 1953இல் முதலமைச்சர் இராஜாஜி சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தினார். பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருமுறைப் பள்ளியாதலால், இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். நாவிதர் மகன் நாவிதராகவே நிற்க அரசே வழி செய்கிறது என்பது அவர்கள் வாதம். நாம் பயிற்சி பெற்ற நாள்களில், முதிய ஆசிரியர்கள் இதன் பொருட்டு இரு அணியாகப் பிரிந்து வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம்.

அநேகாந்தம் இங்கே நமக்கு என்ன சொல்லும்? இரு தரப்பும் சரியே என்று சொல்லி நழுவச் சொல்லாது. எந்த நோக்கில் எது உண்மை என்று பிரித்துக் காட்டச் சொல்லும். பணமும் ஆசிரியரும் போதாமை ஒரு நோக்கில் உண்மை. பிறப்பால் தொழிலை வகுத்த சமூகத்தில் பாதி நாளைக் குலத்தொழிலுக்கு ஒதுக்குதல் அநீதியாகும் என்பது மற்றொரு நோக்கில் உண்மை. பின்னது கனமானது என்பதே நம் தீர்ப்பு. சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 என வாக்குகள் விழுந்தன. நாடு எவ்வாறு இரண்டாகப் பிளந்து நின்றது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

1954இல் இராஜாஜி பதவி விலகினார். கட்சித் தலைமைக்கான போட்டியில் காமராசர் 93 வாக்குகளும், இராஜாஜியின் ஆதரவாளர்கள் நிறுத்திய சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். வென்ற காமராசர் செய்தது என்ன? தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவரையே அமைச்சராக்கினார். அத்திட்டத்தைக் காத்து நின்ற கல்வியமைச்சரும் அவரே. மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தவரும் அவரே. பாதித் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம், நாளுக்கு நான்கு மணி நேரமாக்கலாம் என்று பேரம் பேசவில்லை. அது முழுவதுமாகவே நீங்கியது. மிதம் என்று நாம் கருதுவது இதனையே. கொள்கையில் தளர்வு இல்லை. தோற்ற மனிதரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் இல்லை.

வருந்துவோரைப் பார்த்து மிதமாயிருங்கள் என்று சொல்லுதல் வயிறு நிறைந்தோர் செய்யும் உபதேசம் அன்றோ என்று கேட்பர். தக்க கேள்வியே. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் மும்முனைப் போராட்டம் நடத்திச் சிறை சென்றனர். பெரியாரும் கடுமையாக எதிர்த்தார். அந்தக் கடுமை இல்லாதிருப்பின் திட்டம் நிலைத்திருக்கவும் கூடும். ஆதலால் உரத்த குரல் மிதத்துக்குப் பகையன்று. எதிராளிக்குப் பேச உரிமையே இல்லை என்று துணியும்போதுதான் எல்லை மீறப்படுகிறது. அதிகாரம் உள்ளவருக்கே இக்கடமை முதலாவது; இல்லாதவருக்குப் பின்னர்தான்.

எண்ணிக்கையில் மிகச் சிறியோராகிய நமக்கு இது வெறும் தத்துவமன்று. எந்தத் தொகுதியிலும் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் வலிமை நமக்கு இல்லை. வென்றவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார் என்னும் முறை வேரூன்றினால், நம் போன்றோர் எந்தக் கட்சி வென்றாலும் தோற்றவரே. இதை உணர்ந்தும் நம்முள் சிலர் உரத்துக் கூவும் பக்கமே சேர்ந்துகொள்வது நமக்கு வியப்பாக உள்ளது.

1967இல் காமராசர் தம் சொந்த விருதுநகரிலேயே ஓர் இளைஞரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர் தம் கட்சிப் பணியைத் தொடர்ந்தார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குச் சென்றார்.