மூவாரின் ஆர்மோனியம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மலாய் கஸல் குழுவில் ஆர்மோனியம் இருக்கிறது. குழுவின் தலைமைக் கருவியும் அதுவே. அம்மாநிலத்தின் மூவாரைச் சேர்ந்த ஹாஜி மூசா யூசோப், மக்கள் வழக்கில் பாக் லோமாக், இக்கலையின் தந்தையாகப் போற்றப்படுகிறார். அவர் பெயர் நிலைத்தது இசைக்கோப்பினால். அதாவது எந்தக் கருவிக்கு எந்த வேலை என்று வகுத்த திறத்தினால்.

வடஇந்தியக் கஸல் 19ஆம் நூற்றாண்டில் வணிகர்களோடும் பார்சி நாடகக் குழுக்களோடும் மலாய் மண்ணை அடைந்தது. சாரங்கி, சித்தார், ஆர்மோனியம், தபேலா ஆகியவை அதன் கருவிகள். பாக் லோமாக் சாரங்கியின் இடத்தில் வயலினையும், சித்தாரின் இடத்தில் அரபு ஊத் வழிவந்த காம்புஸையும் அமர்த்தினார். இம்மாற்றத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வில்லால் இழைக்கும் கருவிக்கு வில்லால் இழைக்கும் கருவி. மீட்டும் கருவிக்கு மீட்டும் கருவி. இசையின் கட்டுக்கோப்பு குலையவில்லை, நிறம் மட்டும் மாறியது. வெறும் கலவை என்று இதைச் சொல்வோர் இந்த ஒழுங்கைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஆர்மோனியத்தை ஏன் மாற்றவில்லை? 1875 வாக்கில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து வாசிப்பதற்காக அதன் துருத்தியைக் காலிலிருந்து கைக்கு மாற்றினார். அன்று முதல் ஒரு கை காற்றுக்கு, ஒரு கை மட்டுமே சுரத்துக்கு. சுரங்களோ அசையாதவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. இக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது. மூவார் கோப்பிலோ, மெட்டுக்கட்டைகள் இல்லாத வயலினும் காம்புஸும் அந்த வழுக்கலை ஏற்றுக்கொள்கின்றன. ஆர்மோனியம் பாட்டின் நேர்கோட்டைப் பிடித்துக்கொள்கிறது.

கருவிகளுக்கு அடுத்த அடுக்கு சொல். உருதுக் கஸலின் ஈரடிகளுக்குப் பதிலாக இங்கே பாடப்படுவது பந்துன்: முதல் இரண்டு அடிகளில் ஓர் இயற்கைக் காட்சி, பின் இரண்டில் கருத்து, ஒன்றுவிட்டு ஒன்று இயைபு. கருப்பொருள் வழியே உள்ளத்தைச் சொல்லும் நம் அகப்பாடல்களில் பழகியவருக்கு இது அயலாகத் தோன்றாது.

பின்னர் குழுவில் கித்தாரும் மராக்காஸும் சேர்ந்தன. மராக்காஸ் தாளத்துக்கு ஓர் அணி, அவ்வளவே. கித்தார் அப்படியன்று. ஒற்றைக் கையால் ஆர்மோனியக்காரர் நிரப்ப முடியாத சுரக்கூட்டுகளை அது தாங்குகிறது.