இறுக்காமல் தாங்குங்கள்



பொதுக்காலத்தின் 29ஆம் ஞாயிறான இன்று, முதல் வாசகத்தில் ஒரு பெரியவரின் கைவலியைப் பற்றிக் கேட்டோம். இரபிதிமில் அமலேக்கியரோடு சண்டை. கீழே யோசுவா போரிடுகிறார். குன்றின் மேல் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரயேலருக்கு வெற்றி, தளர்ந்து இறங்கினால் தோல்வி. ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் நின்று கையைத் தாங்கினார்கள். அவர் கையிலிருந்த கோலை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க போய்ப் படுங்க பெரியவரே, இனி நாங்க பார்த்துக்கிறோம்" என்று அவர்கள் சொன்னதாக வாசகத்தில் இல்லை.

இந்த வாசகம் ஐப்பசி பிறக்கிற நேரத்தில் நமக்கு வருகிறது. சோழகமும் கச்சானும் அடங்கி வாடைக் காற்று தொடங்கப்போகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை மரம் சாய்ந்தது என்பதைச் சிறுவர்களே சொல்வார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: அந்த வேம்பை வெட்டிவிடலாமா, புளியை வெட்டிவிடலாமா? சில மரங்களை வெட்டத்தான் வேண்டும். வேர் அழுகி, ஆட்கள் நடமாடும் பாதையின் மேல் சாய்ந்து நிற்கிற மரத்தை வைத்துக்கொண்டு நாம் வேதாந்தம் பேச முடியாது. ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முட்டுக் கொடுத்து, வடம் கட்டித் தாங்குவது.

தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே பில்லலமர்ரி என்று ஓர் ஆலமரம். எழுநூறு ஆண்டு என்கிறார்கள், ஏறக்குறைய மூன்று ஏக்கரில் விரிந்து நிற்கிறது. கரையான் அரித்து, 2017 டிசம்பரில் பெரிய கிளையொன்று முறிந்து விழுந்தது. மரத்தை வெட்டவில்லை. பார்வையாளர்களை நிறுத்தினார்கள். மருத்துவமனையில் ஏற்றுவது போலவே பாட்டில் பாட்டிலாகத் தொங்கவிட்டு, கரையான் மருந்தைச் சொட்டுச் சொட்டாக மரத்துக்குள் ஏற்றினார்கள். சாயும் கிளைகளுக்குக் கீழே சிமெண்ட் தூண்கள் எழுப்பினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், மன்னாரைத் தாண்டி அனுராதபுரத்தில், பௌத்தர்கள் போற்றும் அரச மரம் இருக்கிறது. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்பது மரபு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த மரத்தின் கிளைகள் இன்று பொன்முலாம் பூசிய இரும்புத் தாங்கிகளின் மேல் சாய்ந்திருக்கின்றன. தாங்கிகள் வெளியே தெரிவதை யாரும் அந்த மரத்துக்கு அவமானமாக நினைக்கவில்லை. ஊன்றுகோல் பிடித்து முன்வரிசைக்கு வர வெட்கப்பட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மரம் பெரும்பாலும் எங்கே பிளக்கிறது தெரியுமா? கவட்டையில். ஒரே அடியிலிருந்து இரண்டு கிளைகள் சம பருமனில் நெருக்கியடித்து மேலே போகும்போது, இரண்டுக்கும் நடுவில் பட்டை மாட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மரம். உள்ளே கட்டையோடு கட்டை சேரவே இல்லை. காற்று ஓங்கி அடிக்கும் அன்றுதான் அது வெளியே தெரியும். ஒரே வளவில் இருந்துகொண்டு, ஒரே படகில் பங்கு வைத்துக்கொண்டு, பத்து வருடமாக முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகள் நம் பங்கிலும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அப்படிப்பட்ட கவட்டைக்கு, மரம் தெரிந்தவர்கள் முதலில் உச்சிப் பாரத்தை அளவாகக் கழிக்கிறார்கள். பிறகு கவட்டைக்கும் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், ஒரு கிளையை மற்றதோடு எஃகு வடத்தால் இணைக்கிறார்கள். தேவைப்பட்டால் கவட்டையை ஒட்டி இரும்புக் கம்பியை ஊடே செலுத்தி இரு பக்கமும் மரை முடுக்குகிறார்கள். துளை போடுவது கொடுமையாகத் தெரியும். உண்மையில் கொடுமை சுற்றிக் கட்டுவதுதான். நம் தெரு வேம்பையே போய்ப் பாருங்கள். எந்தத் திருவிழாவுக்கோ சீரியல் செட் மாட்டக் கட்டிய கம்பி, இன்று பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. கம்பிக்கு மேலே மரம் தடித்து வீங்கியிருக்கிறது, கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். கம்பி அந்த வழியை அடைத்துவிட்டது.

வடத்தையும் விறைப்பாக இழுத்துக் கட்டுவதில்லை. மரம் கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் கட்டை தடிக்கும். கடலில் தொழில் செய்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நங்கூரக் கயிற்றைக் குறுக்கிக் கட்டினால் அலை தூக்குகிற தூக்கில் நங்கூரமே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நீளம் விட்டுத்தானே கட்டுகிறீர்கள்?

வீட்டில் மட்டும் அந்த நிதானம் நமக்கு ஏன் வருவதில்லை? பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அவருடைய ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம். அவரைக் கேட்காமல் அவருடைய வலையை விற்கிறோம். வாசலில் உட்கார்ந்து நான்கு பேரோடு பேசுவதையும் நிறுத்திவிடுகிறோம். குடியை விட்ட மகனைத் தினமும் வாயை ஊதிக் காட்டச் சொல்கிறோம். அன்பில்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் கம்பி பட்டைக்குள் இறங்குகிறது.

இன்னொன்று. வடம் கட்டிய மரத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். மரம் வளரும், இரும்பு துருப்பிடிக்கும், உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். கட்டிவிட்டு மறந்துபோன வடத்தை நம்புவது வடமே இல்லாததைவிட ஆபத்து. நாம் கொடுக்கிற ஆதரவும் அப்படித்தான். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவரின் வீட்டில் முதல் வாரம் உட்கார இடமிருக்காது. மூன்றாவது மாதம் போய்ப் பாருங்கள். அந்தப் பெண் மனுவை எடுத்துக்கொண்டு தனியாக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இன்றைய நற்செய்தியில் நடுவரிடம் நடையாய் நடந்த கைம்பெண்ணை நாம் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டுகிறோம். சரிதான். ஆனால் அவருக்கு ஓர் ஆரோன் இல்லை, ஒரு கூர் இல்லை. அந்த ஊரில் வேறு ஆட்களே இல்லையா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

கதிரவன் மறையும்வரை மோசேயின் கை தளரவில்லை என்கிறது வாசகம். தாங்கிய இருவருடைய கை வலித்ததா என்று எழுதவில்லை. வலித்திருக்கும். கட்டிலில் கிடக்கும் மாமியாரையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் புரட்டிப் படுக்கவைக்கிற பெண்கள் இந்தக் கோவிலில் இருக்கிறார்கள். அவர்கள் பூசைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். ஆகவே இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். அப்படிப்பட்ட வீடுகளை எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு பிற்பகல் யார் போய் உட்காருவது என்று முறை போடுங்கள். அந்த நேரத்தில் அந்த அம்மா பேங்குக்குப் போகட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். ஆண்கள் பெயரும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். புதன்கிழமை என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.